ஈரத் தலையோடு வந்தவள்

14-9-2025, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். வேர்க்கடலை காயவில்லை.

பக்கத்து வூட்டுக் கோகிலவாணி செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அத்தே, இலக்கியா நடிச்ச பேய்ப் படம் இருக்குதே, அத எப்படி எடுத்தாங்கன்னு துண்டு துண்டா போட்டுக்கினு இருக்காங்க. மூணு நிமிசந்தான். பாக்குறீங்களா?”

பார்க்க மாட்டேன் என்றேன். பேய்ப் படம் எடுப்பதே கேடு. எடுத்த கதையை வேறு காட்டுவார்களா?

என் பேத்தி இலக்கியா இந்த வாசல் மிதித்து ஏழு மாதம் ஆகிறது.

17-9-2025
பார்த்துவிட்டேன். புளி கேட்கப் போனவள் மாதிரி கோகிலவாணியின் அடுப்படியில் போய் நின்றேன்.

இரத்தம் என்று காட்டுவது வெல்லப்பாகும் சிவப்புச் சாயமும். ஈ மொய்க்கிறது. ஒருத்தி நின்று விசிறுகிறாள். முகம் பூராவும் வெள்ளையைப் பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்படித்துக்கொண்டு இலக்கியா பன் தின்றாள். டீயில் முக்கி முக்கி. நாலு வயசில் தின்ற மாதிரியே. சிரிப்பு வந்துவிட்டது. கோகிலவாணி பார்த்தாளோ?

20-9-2025
தூக்கம் சரியில்லை. அந்த மாசி மாதத்துக் கதையை எழுதிவிடுகிறேன்.

சங்கராபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமெல்லாம் என் பேத்தி சினிமாவில் கதாநாயகி என்று சொல்லிவைத்திருந்தேன். கோகிலவாணி வூட்டுக்காரர் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்ற மலைக்குப் போனவர், தெருவே கேட்கச் சொன்னார்: “கரியாலூர் பக்கம் உங்க இலக்கியாவ பாடையில படுக்க வெச்சுப் படம் எடுத்துக்கினு இருக்காங்க. நெத்தியில காசு வேற.”

அன்று சாயந்திரமே அவள் வந்தாள். தலை பின்னாமல், சொட்டச் சொட்ட. இது என்ன கோலம் என்று அதற்கும் கோபம். “பாடையில படுத்தவ அப்படியே உள்ள வருவியா? நில்லுடி வாசல்லயே.” இரண்டு குடம் ஊற்றினேன். தெருவே பார்த்தது. “ஆயா, நான்...” என்றாள். “பேசாத” என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு, ஈரத் துணியோடு பஸ்ஸுக்கு நடந்தாள். என் மருமகள் கமலா துண்டை எடுத்துக்கொண்டு மகள் பின்னால் ஓடினாள்.

சாவு வூட்டுக்குப் போய்வந்தால் நானும்தானே ஊற்றிக்கொண்டு உள்ளே வருகிறேன்? செய்தது சரிதான்.

சரிதானா?

5-10-2025
பாடைக் காட்சி எடுத்த துண்டு வந்திருக்கிறது. கோகிலவாணி என்னைக் கூப்பிடவில்லை. நானே போய்க் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

இலக்கியா படுத்தபடியே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். “கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டணும் சார். எங்க ஆயா பாத்தா திட்டும். ஊர்ல எந்தச் சாவுன்னாலும் அதுதான் மொத ஆளா நிக்கும்.”

எடுத்து முடித்ததும் டைரக்டர், “எழுந்து சிரிம்மா, கேமராவப் பாத்துச் சிரி” என்கிறார். பிணமாக நடித்தவர்கள் கடைசியில் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டுமாம். ஒன்றும் ஒட்டிக்கொள்ளக் கூடாதாம். பூசணிக்காய் உடைக்கிறார்கள். அவர்களுக்கும் சாங்கியம் இருக்கிறது.

அப்புறம் ஓடை. அந்த மலைக்குளிரில் இறங்கி மூன்று முங்கு முங்குகிறாள். கூட இருந்த பெண், “பைத்தியமா உனக்கு?” என்கிறது. பல் தந்தியடிக்க, “இப்ப நேரா வூட்டுக்குப் போறேன். குளிக்காம போனா ஆயா மனசு கஷ்டப்படும்” என்கிறாள்.

அய்யோ. குளிச்சிட்டுத்தான் வந்திருக்கா. எனக்காவ குளிச்சிட்டு வந்திருக்கா. இன்னா பண்ணிட்டேன் நான். வாயத் தொறக்க வுட்டேனா?

6-10-2025
போன் செய்யவில்லை.

9-10-2025
கமலாவிடம் கேட்டேன். “அவ குளிச்சிட்டு வந்தது உனக்குத் தெரியுமா?”

“அன்னிக்கே சொன்னா.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க எங்க அத்தே கேட்டீங்க?” முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

26-10-2025
கமலா நம்பர் போட்டுக் கொடுத்தாள். “நல்லா இருக்கியா ஆயா?” என்றது குரல். சாப்பிட்டியா என்றேன். வேர்க்கடலை முளைத்துப்போனதைச் சொன்னேன். வேறொரு பேய்ப் படம், திரும்ப நம்ம மலைக்குத்தான் வருவேன் என்றாள். வூட்டுக்கும் வா என்று சொல்ல வாய் வருவதற்குள், “கூப்புடுறாங்க, வெச்சிடட்டா?” என்றாள்.

ஐந்தாவது வரைக்கும் படித்ததில் மன்னிப்பு என்று எழுதத் தெரியும். சொல்ல வரவில்லை.

23-11-2025, ஞாயிறு
இலக்கியா வருகிறாள் என்று கமலா நேற்றே சொன்னாள். மலையிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியாம். இரண்டு மணி நேரம்தானாம். வாசலில் எப்போதும் இருக்கும் குடத்தைக் காலையிலேயே எடுத்துக் கொல்லையில் வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். “வாம்மா” என்றேன். செருப்பைக் கழற்றினாள், படி ஏறவில்லை. குடம் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு பையையும் செல்போனையும் கமலாவிடம் கொடுத்தாள்.

“இன்னிக்கும் செத்த சீன்தான் ஆயா. ஊத்திடு, உள்ள வர்றேன்.”

கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

இறங்கிப் போய்த் தலையைத் தொட்டேன். தண்ணீர்தான் விழுகிறது என்று நினைத்துத் தோளைக் குறுக்கினாள். தலை ஈரமாக இருந்தது.

முந்தானையால் துவட்டினேன். எவ்வளவு நேரமோ. அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.