அக்காவின் மீட்டரும் தம்பியின் மீட்டரும்

மார்ச் 4, செவ்வாய்

வோல்டேஜும் ஆம்பியரும் பார்க்கும் என் மீட்டரை என்னைக் கேட்காமல் தம்பி எடுத்து ஒளித்துவிட்டான். இது அநியாயம். ரிப்பேர் கடை இருவருக்கும் பொது. மீட்டர் எனக்கு மட்டும் சொந்தம். அதன் இடத்தில் செங்கல் கனத்தில் புதிது ஒன்றை வைத்திருக்கிறான். அந்த விலைக்கு என்னுடையதில் இருபது வாங்கலாம். பேட்டரியில் வைத்துப் பார்த்தேன், 1.5 வோல்ட். என்னுடையது மட்டும் வேறென்ன காட்டியிருக்கும்?

மார்ச் 5

கேட்டேவிட்டேன். "நம்பர விடுக்கா. உள்ள என்ன இருக்குன்னு பாரு" என்கிறான். என் மீட்டரில் ஆம்பியர் பார்க்க வயர் சொருகும் துளைக்குப் பின்னால் ஃபியூஸே இல்லையாம். பார்த்து வேலை செய்கிறவளுக்கு ஃபியூஸ் எதற்கு என்றேன். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடியவள் யார் என்று திருப்பிக் கேட்டான்.

"புதுச தொடமாட்டேன்னா கரண்ட் வேலையையும் தொடாத. ரேடியோ மட்டும் பாரு."

ரேடியோவாம்! இந்தக் கடையில் முதல் மோட்டாரைப் பிரித்தவள் யார்? யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் பிரித்தேன்.

மார்ச் 6

வந்த ரேடியோவை அவன் மேசைக்கே தள்ளிவிட்டேன்.

மார்ச் 8

வேலையை விட்டுக்கொடுக்க முடியாது. அந்தச் செங்கல் மீட்டரையே எடுத்தேன்.

காலையில் ஒரு சார்ஜருக்கு ஆம்பியர் பார்த்தேன். பிறகு ஓர் இஸ்திரிப் பெட்டி வந்தது. பிளக் பாயிண்டில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். மீட்டரின் குமிழை வோல்டேஜுக்குத் திருப்பினேன், சிவப்பு வயரை ஆம்பியர் துளையிலிருந்து மாற்றவில்லை. மறந்துவிட்டேன். மீட்டர் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டே இருந்தது. விலை கூடினால் வாயும் கூடும்போல என்று நினைத்து, வயர் முனைகளைப் பாயிண்டில் சொருகினேன்.

உள்ளே 'டப்' என்றது. அவ்வளவுதான். கை இருக்கிறது, கண் இருக்கிறது.

தம்பி ஓடிவந்து மீட்டரைத் திறந்தான். விரல் தடிமன் ஃபியூஸ் ஒன்று எரிந்து போயிருந்தது. ஆம்பியர் துளை வழியே கரண்ட் தடையில்லாமல் பாயுமாம், வயரை மாற்று என்றுதான் மீட்டர் கத்தியிருக்கிறது. ஒளித்து வைத்த என் மீட்டரையும் கொண்டுவந்து பிரித்தான். அதே இடத்தில் வெறும் கம்பி. போன வாரம் என்றால் அது என் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும்.

"திட்டுடா" என்றேன்.

"மொதல்ல உக்காருக்கா."

ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை என்று எழுதத்தான் ஆசை.

மார்ச் 9

நன்றாகத் தூங்கினேன். கரண்ட் வேலை எனக்கும் உண்டு, அவனே சொல்லிவிட்டான். ஆனாலும் அவன் என் மீட்டரைக் கேட்காமல் எடுத்தது தப்புதான். ஆகவே:

அதே அளவில், அதே வகையில் ஃபியூஸ் வாங்க வேண்டும் — தம்பி.

அது வரும்வரை கம்பி சுற்றி ஒப்பேற்றக் கூடாது — இருவரும்.

பழைய மீட்டர் பேட்டரி வேலைக்கு மட்டும். அதன் ஆம்பியர் துளையைப் பசை வைத்து அடைக்க வேண்டும் — நான்.

ஆம்பியர் பார்த்த கையோடு சிவப்பு வயரை மாற்ற வேண்டும் — நான்.

என் மேசையில் எதை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், என் உயிரைக் காப்பாற்றுவதற்கே என்றாலும் — தம்பி.