லொறிக்காரருக்கு ஒரு தனி வரிசை

ஜூன் 3, புதன்

விடியக் காலையிலேயே கச்சான் காற்று. காயப்போட்ட மகள் ஹனாவின் வெள்ளைச் சீருடை முழுக்க மணல். மறுபடி அலசல். பாடசாலைக்குப் பத்து நிமிடம் பிந்தினேன்.

ஹனாவின் வாப்பா ர.வின் லொறி நேற்றுப் பின்னேரம் அஸர் நேரம் சவூதி எல்லை வரிசையில் நின்றது. காலையில் வொய்ஸ் மெசேஜ்: "இன்னும் நிக்கிறன் புள்ள. ஒரு அடி நகரல்ல." இங்கே மதியம் லுஹருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் அங்கே விட்டார்கள். பத்தொன்பது மணித்தியாலம். இந்த வெயிலில். வரிசையில் நிற்கும்போது அவர் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் இறங்கிப் போக வேண்டும், போனால் இடம் போய்விடும். அப்படிக் குடிக்காமல் கிடந்துதான் போன வருஷம் சிறுநீரகத்தில் கல். டொக்டர் அன்றே சொன்னார், இன்னொரு முறை வந்தால் லொறி ஓட்டுவதை மறக்க வேண்டியதுதான் என்று.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு திரும்பக் கோல் எடுத்தார். குரலில் ஒரு துள்ளல்.

"ஸிபானா, ஒரு கதை இரிக்கி. எல்லையில புதுசா ஒரு லேன் திறக்கப் போறானாம். எல்லாருக்கும் இல்ல. மூணு வருஷமா ஒரு குற்றமும் இல்லாத ட்ரைவர்மாருக்கு மட்டும். கைரேகை எடுத்து, கார்ட் ஒண்டு தருவானாம். கொன்டெய்னர் சீல் சரியெண்டா நேரா போகலாம்."

"ஒங்கட பேர் இரிக்கா?"

"கொம்பனியில நூத்துக்கு மேல ட்ரைவர். நாலு பேர்ட பேர் குடுத்திரிக்கான். அதுல நானும்."

நாலு பேரில் ஒருவர். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்தேன்.

ஜூன் 5, வெள்ளி

காலை: ஆறாம் வகுப்பு பின்னக் கணக்குத் திருத்தல். 34 கொப்பி. பாதிப் பேர் கீழெண்ணையும் கூட்டி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டாஃப் ரூமில் லேன் கதையைச் சொல்லியிருக்கக் கூடாது. வாய் நிற்கவில்லை. ஒரு டீச்சர் சிரித்தார். "லொறிக்காரருக்குத் தனி வரிசையா? மந்திரி மாதிரி!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு மணிக்கு முதலே வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஜும்ஆ முடிந்து ர. எடுத்தார். துள்ளல் இல்லை. படிவத்தில் மூன்று வருஷத்தில் எல்லை கடந்த திகதி எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் பாஸ்போட் இடையில் மாறியது. பழையதை இங்கே வந்தபோது புதுப்பிக்கக் கொடுத்து, அது எங்கே போனதோ. கொம்பனியும் கை மாறியது, பழைய முதலாளி கோப்புகளைத் தரவில்லை. திகதி தெரிந்தால்தான் எல்லைக் கந்தோர் அலுவலர்கள் பழைய பாஸ்போட் நம்பரில் தேடுவார்களாம்.

"எனக்கெங்க புள்ள ஞாபகம்? எல்லா நாளும் ஒரே ரோட்டு."

ஹனா பக்கத்தில் இருந்து போனைப் பறித்தாள்.

"வாப்பா, உம்மாட கொப்பியில எல்லாம் இரிக்கி! நீங்க எப்ப கியூவில நிண்ட, எப்ப விட்ட எல்லாம் எழுதி வெச்சிரிக்கா!"

அவர் கேட்டார், "எத்தின வருஷமா?"

"பதினொரு வருஷம்" என்றேன்.

"என்னத்துக்குப் புள்ள?"

என்னத்துக்கு என்று எனக்கும் தெரியாது. அவர் அங்கே நிற்கும்போது நான் இங்கே சும்மா படுத்துக் கிடக்க ஏலாது. அவ்வளவுதான். நேரத்தை எழுதினால் நானும் கூட நிற்கிற மாதிரி.

ஹனாவுக்கு இது எப்படித் தெரியும்? வாசித்திருக்கிறாளா? கேட்கவில்லை. பயம்.

ஜூன் 6, சனி

நாள் முழுக்க இதே வேலை. கடைசி மூன்று வருஷக் கொப்பிகளை அடுக்கி நான் வாசிக்க, ஹனா போனில் தட்டினாள். அவள் கையில் கொடுக்கவில்லை. அதில் மாமியோடு சண்டை பிடித்த நாள் இருக்கிறது. ர. மேல் கோபித்து மூன்று நாள் போன் எடுக்காதது இருக்கிறது. இன்னும் என்னென்னவோ.

"உம்மா, இடையில நிப்பாட்டி நிப்பாட்டி வாசிக்கீங்க. என்னத்த முழுங்குறீங்க?"

"ஒண்டுமில்ல. எழுத்து விளங்கல்ல."

"ஒங்கட எழுத்து ஒங்களுக்கே விளங்கல்லியா, கணக்கு டீச்சர்?"

மொத்தம் 62 தரம். ஆகக் கூடினது 31 மணித்தியாலம், அது ஒரு பெருநாளுக்கு முதல் நாள். ஆகக் குறைந்தது ஐந்து. அன்றைக்கு "அல்ஹம்துலில்லாஹ்" என்று மூன்று தரம் எழுதியிருக்கிறேன்.

மூன்று வருஷத்தில் அவர் வரிசையில் மட்டும் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். பிறகு கூட்டியதை அழித்துவிட்டேன்.

மதியச் சமையல் நடக்கவில்லை. கடைப் பாண், பருப்பு.

ஜூன் 10, புதன்

ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள். த்ரீவீலர்காரர் சுற்றிக்கொண்டு போனார், முழு வழியும் திட்டிக்கொண்டு.

பி.ப. 4. ர. எடுத்தார். குரலைக் கேட்டதுமே விளங்கியது.

"சரிவரல்ல புள்ள. ஒரு குற்றம் கிடக்காம். சீல் உடைஞ்ச கேஸ். போன வருஷம் மார்ச் பதினாலு. ஒண்டு இருந்தாலே ஏலாதாம். உடு, நமக்கு எழுதினது அவ்வளவுதான்."

பதினாலு வருஷமாக ஓட்டுகிற மனிதர். சீலில் தூசு பட்டாலும் இறங்கித் துடைக்கிறவர்.

"அவங்கட கணக்குல எத்தின தரம் இரிக்கி?"

"அறுபத்தி மூணு."

நாங்கள் கொடுத்தது 62. ஒன்று கூடுதல். போனை வைக்கச் சொல்லிவிட்டுப் போன வருஷக் கொப்பியை எடுத்தேன்.

மார்ச் 14: "ர. ஆஸ்பத்திரியில். கல் எடுத்து இரண்டாம் நாள். காய்ச்சல் இல்லை. லொறியை வேறு ஆள் கொண்டு போயிருக்காம். ஹனாவுக்கு இன்னும் சொல்லவில்லை."

அவர் லொறி போயிருக்கிறது. அவர் போகவில்லை. லொறியோடு, அதன் கடதாசியில் இருந்த அவர் பேரும் போயிருக்கிறது.

உடனே எடுத்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "திகதியக் கேக்கக்குள்ளயே தெரியும். அண்டைக்கு ஓட்டினவன் என்ட ரூம்ல இருக்கிறவன். நேபாளத்தான். நான் ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள கஞ்சி கொண்டு வந்து தந்தவன். பேரச் சொன்னா அவன்ட வேல போயிரும், ஸிபானா. எனக்கு ஏலாது."

கோபம் வந்தது. என்ன மனிதர் இவர். அடுத்தவனுக்காகத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கப் போகிறார். பிறகு, கோபத்துக்குக் கீழே, இன்னொன்றும் வந்தது. அதற்குப் பேர் தெரியவில்லை.

"அவங்க பேர் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப பேர் சொல்லாதீங்க. நீங்க அண்டைக்கு எங்க கிடந்தண்டு மட்டும் சொல்லுங்க. அது பொய்யில்லயே. யாரையும் காட்டிக் குடுக்கிறதும் இல்லயே."

"ஆஸ்பத்திரிக் கடிதம் எங்கிட்ட இல்லயே."

ஜூன் 11, வியாழன்

என்னிடம் இருக்கிறது! அப்போது அவர் போனில் அனுப்பியதை, கல்முனை டொக்டரிடம் காட்டப் பிரின்ட் அடித்து எடுத்தது. எக்ஸ்ரே கவரில், பல் டொக்டர் துண்டுகளுக்கு இடையில். அனுமதித்த நாள், வெளியே விட்ட நாள், முத்திரை, எல்லாம் தெளிவு. ஹனா ஸ்கேன் பண்ணி மு.ப. 7க்கே அனுப்பினாள்.

இன்று பாடசாலைக்கு நேரத்துக்குப் போனேன்.

ஜூன் 15, திங்கள்

பதில் இல்லை. ஒலுவிலில் இறந்துபோன ஒருவருக்காகக் கத்தம் ஓதல், போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.

ஹனா: "வாப்பாக்குக் கார்ட் கிடைக்கல்லண்டா என்ன உம்மா, வாப்பா வாப்பாதானே."

ஓம். ஆனாலும்.

ஜூன் 18, வியாழன்

கிடைத்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ்.

நடந்தது இது. ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு ர. கொம்பனிக் கந்தோருக்குப் போயிருக்கிறார். பேர் சொல்லவில்லை. மெனேஜர் விடவில்லை, அப்ப யார் ஓட்டியது என்று இரண்டு நாள் குடைந்திருக்கிறார். "எனக்குச் சொல்ல ஏலாது, சேர். கார்ட் வேணாமெண்டா வேணாம்" என்று இவர் எழும்பி வந்துவிட்டாராம். ரூமில் போய்ப் படுத்திருந்தவரை அந்த நேபாளத்தான் எழுப்பி, "ஏன் சாப்பிடல்ல?" என்று கேட்டிருக்கிறான். சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை அவனே மெனேஜரிடம் போய் நின்றிருக்கிறான். நான்தான் ஓட்டினேன், டயர் வெடித்து லொறி ஆடியதில் சீல் அறுந்தது, பொலிஸிலும் எழுதிக் கொடுத்தேன் என்று. பொலிஸ் துண்டு அவன் கைப்பையிலேயே இருந்ததாம். மெனேஜர் அதையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் எல்லைக்கு அனுப்ப, இவர் பேரில் இருந்த குற்றத்தை எடுத்துவிட்டார்களாம். அவனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். வேலை போகவில்லை.

"அவன் போனத எனக்கே தெரியாது புள்ள" என்று ர. இரண்டு தரம் சொன்னார். நான் அழவில்லை. ஹனாதான் அழுதாள்.

நாலு பேரில் மூன்று பேருக்குத்தான் கிடைத்தது. இவர் ஒருவர்.

ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருப்பதும் ஒரு ருசி.

ஜூன் 23, செவ்வாய்

காற்று இல்லை. ஆகலும் புழுக்கம். வகுப்பில் ஃபேன் பழுது.

ர. இன்று எல்லைக்குப் போவார் என்று தெரியும். எப்படியும் மஃரிபுக்குப் பிறகுதான் எடுப்பார் என்று போனை மேசையில் வைத்துவிட்டு, ஆறாம் வகுப்பில் பெருக்கல். பலகையில் பாதி எழுதியிருக்கும்போது போன் அடித்தது. அவர். இந்த நேரத்தில் எடுத்ததே இல்லை. யாரும் மௌத்தாகிவிட்ட செய்தியோ என்று பயந்தேன். கதவருகே போய் எடுத்தேன்.

"தாண்டிட்டன்."

"என்னத்த?"

"எல்லையத்தான், புள்ள. இருபத்தாறு நிமிசம். அவன் ரேகையப் பாத்தான், சீலப் பாத்தான், கையக் காட்டினான். மற்ற வரிசையில லொறி கண்ணுக்கெட்டின தூரம் நிக்கிது. இப்ப மற்றப் பக்கம் நிக்கிறன். என்ன செய்யிறெண்டு தெரியல்ல. நீ என்ன செய்யிறாய்?"

"படிப்பிக்கிறன்."

"என்ன பாடம்?"

"பெருக்கல்."

வகுப்பு முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. முன் வாங்கில் இருக்கிற சின்னவள், "டீச்சர், யாரு?" என்றாள். என்ன நினைத்தேனோ, போனை லௌட் ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். முப்பத்துநாலு பேரும் ஒரே குரலில் ஸலாம் சொன்னார்கள். அவர் திகைத்துப் போய்ப் பதில் சொன்னார்.

"சேர், நீங்க என்ன வேல?"

"லொறி ஓட்டுறன், மகள்."

"லொறிக்கு எத்தின டயர் சில்லு?"

"இருபத்திரண்டு. ஒரு சில்லுக்குப் பத்து நட்டு. அப்ப எத்தின நட்டு? கெதியாச் சொல்லுங்க."

வகுப்பே எழும்பி நின்று கத்தியது. இருநூற்றிருபது! அடுத்தது கேளுங்க சேர், அடுத்தது! அவர் கேட்டார். அவர்கள் கத்தினார்கள். நான் சோக் கட்டியை வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

பாடசாலை அதிபர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சர் இவ்வளவு சத்தம்?"

"என்ட அவர் பாடம் எடுக்கிறார், சேர்" என்றேன்.