முதல் வரியில் என் கையெழுத்து

செப்டம்பர் 3
மழை. மேயர் தேர்தலுக்குக் கையெழுத்துக் கேட்டு ஒரு பெண் வந்தாள். யாரோ ஓர் ஆசிரியை நிற்கிறாராம். நனைந்திருந்தாள், உள்ளே அழைத்துத் துண்டு கொடுத்தேன். பூனையின் பெயரைக் கேட்டாள். இந்த வாரம் இந்த வீட்டில் கேட்ட ஒரே குரல். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 8
அண்ணன் ரோமன் மேயருக்கு நிற்கிறானாம்! சிகாகோவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவன். "வாக்குச்சீட்டுல கட்சியே போட மாட்டாங்க ஹல்கா, வெறும் பேருதான். என் பேரு எத்தன ஸ்டாப்புல தெரியும், சொல்லு!" பெயர் வாக்குச்சீட்டில் ஏற பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கையெழுத்து வேண்டும். முதல் தாளில் முதல் வரி என்னுடையது.

நவம்பர் 19
ரயில் நிலைய வாசலில் ஏழாவது சனிக்கிழமை. விரல்கள் மரத்துவிட்டன. எல்லோரிடமும் முதலில் கேட்கிறேன்: "வேற யாருக்காவது போட்டிருக்கீங்களா? முதல்ல போட்டதுதான் செல்லும்." ஒரு கிழவர் சிரித்தார். "என் பொண்டாட்டியே இவ்வளவு கறாரா விசாரிச்சதில்லம்மா!"

டிசம்பர் 12
ரோமனின் கையெழுத்துகளுக்கு ஆட்சேபம் வந்திருக்கிறது. தேர்தல் அலுவலகத்தில் ஒவ்வொன்றாகத் திரையில் சரிபார்த்தார்கள். அவன் தரப்பில் உட்கார்ந்திருந்தது நான். அலுவலர் என் முழுப் பெயரை வாசித்தார்: "ஹலினா பியெத்ராக். செப்டம்பர் மூணாம் தேதியே வேற ஆளுக்குப் போட்டிருக்காங்க. செல்லாது."

பின்னால் நின்ற ரோமன், "அது என் தங்கச்சிங்க. அப்படிச் செய்யமாட்டா" என்றான்.

திரையில் இருந்தது என் கையெழுத்தேதான்.

எத்தனை பேரைக் கேட்டேன்! என்னை ஏன் கேட்டுக்கொள்ளவில்லை? மறதியா? இல்லை — அதை நான் தேர்தலோடு சேர்த்தே நினைக்கவில்லை. யாரோ வந்தாங்க, பேசினாங்க, அவ்வளவுதானே!

டிசம்பர் 20
நாற்பத்தொன்று குறைகிறது. ரோமன் பெயர் சீட்டில் வராது. ஃபோனை எடுக்கமாட்டேன் என்கிறான்.

டிசம்பர் 24
கிறிஸ்துமஸ் முந்தின இரவு விருந்து. மேசையில் இரண்டு தட்டு. ஒன்று, எங்கள் வீட்டு வழக்கப்படி, சொல்லாமல் வருகிற விருந்தாளிக்கு. யாரும் வரவில்லை; எட்டு மணிக்கு அதையும் அலமாரியில் எடுத்து வைத்தேன்.

பிப்ரவரி 28
வாக்களித்துவிட்டு வந்தேன். ஒன்பது பெயர்கள். ஒருவரையும் எனக்குத் தெரியாது.

மதியம் ஃபோன். ரோமன்.

"போட்டியா?"

"போட்டேன்."

பிறகு சொன்னான்: "கொறைஞ்சது நாப்பத்தொண்ணு. உன்னுது ஒண்ணு. மீதி நாப்பது பேரு மூஞ்சி எனக்குத் தெரியாதே ஹல்கா. திட்டுறதுக்கு நீ ஒருத்திதான் கெடைச்ச."

"இப்பத் திட்டு" என்றேன்.

அரைமணி நேரம் திட்டினான். நடுவில் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.