ஓட்டுநர் பெயர்

சனிக்கிழமை, இரவு பத்தரை மணி.

இன்றும் நியூசிலாந்து புராணம்தான். என் கணவரின் ஆபீஸ் நண்பர் நங்கநல்லூரிலிருந்து மனைவியோடு வந்திருந்தார். அடையைப் பிட்டு வாயில் போட்டதுமே இவர் ஆரம்பித்துவிட்டார். "வாடகைக்கு கார் எடுத்து ஒன்பது நாளும் நானேதான் ஓட்டினேன். அதுவும் மலை ரோடு!"

அந்த ரோட்டில் எங்களுக்கு எதிரே வந்தவை பெரும்பாலும் ஆடுகள். அதற்கே ஸ்டியரிங்கை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகானுபாவர்.

"நீங்க ஓட்டலையா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"அவளுக்கு ஃபாரின் ரோடெல்லாம் சரிப்படாது" என்று இவரே பதில் சொன்னார்.

மயிலாப்பூர் தேர்க்கூட்டத்திலும் தி.நகர் தீபாவளி நெரிசலிலும் பதினெட்டு வருஷமாக இந்த வீட்டுக் காரை ஓட்டுகிறவள் நான். சட்னி பரிமாறினேன்.

ஏழு மணிக்கு அவர்கள் கிளம்ப எழுந்ததும் இவர் கார் சாவியை என்னிடம் நீட்டினார். "கத்திப்பாரா டிராஃபிக்குல இந்நேரத்துக்கு மனுஷன் ஓட்டுவானா? நீயே விட்டுட்டு வந்துடு." கூச்சம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அடுத்த வேலை. நாங்கள் போகப்போகிற இலங்கைப் பயணத்துக்கு வாடகைக் கார் பதிவு செய்ய வேண்டுமாம். அந்த ஃபாரத்தை நிரப்பக்கூட நான்தான் வேண்டும். ஓட்டுநர் பெயர் கேட்ட இடத்தில் என் பெயரை அடித்தேன். வேறு யாராவது ஓட்டுவார்களா என்று கேட்டிருந்தது. இல்லை என்று அழுத்தினேன்.

"பேரெல்லாம் சரியா போட்டியா?" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரியாத்தான் போட்டிருக்கேன்" என்றேன்.