பதினொன்றாம் நம்பர் அறை

மார்ச் 2

அப்பாவுக்கு,

ஆமா, ஜன்னல் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை அம்மா போன்ல கேட்டாங்களே, அது நீங்க பக்கத்துல உக்காந்து சைகை காட்டிக் கேக்கச் சொன்னதுதானே? அம்மாவுக்கு ஜன்னல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. சாப்பிட்டியா, குளிச்சியா, இந்த ரெண்டோட அவங்க விசாரணை முடிஞ்சிடும்.

என்கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு சொன்னீங்க. ரெண்டு வருஷமா பேசலை. சரி. ஆனா எழுதமாட்டேன்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லை. அதனாலதான் இந்தக் கடிதம். பதில் போட்டா உங்க சபதம் உடையாது.

கப்பல் கம்பெனிக்காரங்க எந்த நாள் வேணாலும் கூப்பிடுவோம், ஊரை விட்டு நகராதேன்னு சொல்லியிருக்காங்க. எஞ்சின் ரூம்ல எடுபிடி வேலை. ஏறினா ஒன்பது மாசம் தண்ணி மேலதான். அதுவரைக்கும் இந்த லாட்ஜ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, பாத்திரக் கடைக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவுல இடுக்கி வச்ச மாதிரி மூணு மாடி. அம்மா யாரையோ விசாரிச்சு அட்ரஸ் எழுதிக் குடுத்தாங்க, “பதினொண்ணாம் நம்பர் கேளு, காத்து வரும்”னு. கேட்டேன், குடுத்தாங்க. காத்து வரலை. ஜன்னலைத் திறந்தா கைக்கெட்டுற தூரத்துல அடுத்த கட்டடத்துச் சுவர். கழுத்தைச் சாய்ச்சுப் பார்த்தா ஒரு முழம் ரோடு தெரியும். ஆளுங்க அந்த ஒரு முழத்துல வந்துட்டு உடனே காணாமப் போயிடறாங்க.

ஃபேனுக்கு ரெண்டே வேகம். நிக்கும், இல்லாட்டி பறக்கும். குளிக்கிற மக்கை சங்கிலி போட்டுக் குழாயில கட்டி வச்சிருக்காங்க. “துணி காயப்போடக் கூடாது”ன்னு வராந்தாவுல ஒரு போர்டு. அதோட ஆணியிலதான் எல்லாரும் துண்டு போடறாங்க. இங்க யாருக்கும் பேரு கிடையாது, ரூம் நம்பர்தான். பத்தாம் நம்பர் மருந்துக் கம்பெனி ஆளு. டாக்டர்கிட்ட பேச வேண்டியதைக் காலையில சுவரைப் பார்த்து ஒப்பிப்பாரு. நடுவுல கரெக்டான்னு என்னைக் கேப்பாரு. கரெக்ட்ம்பேன்.

ஒண்ணு சொல்லணும். ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட பேசும்போது பின்னாடி நீங்க அரம் தேய்க்கிற சத்தம் கேக்கும். நான் பேச ஆரம்பிச்சதும் அது நின்னுடும். அம்மா பேசும்போது திரும்ப ஆரம்பிக்கும். தெரியாதுன்னு நினைச்சீங்களா?

கப்பல் ஏறுறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்கப்பா. திட்டினாக்கூட போதும்.

உங்க மகன்
(இங்க என் பேரு பதினொண்ணு)


மார்ச் 7

மகனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேசுவதும் எழுதுவதும் வேறு வேறு என்று நீ சொன்னது சரிதான். உன் தாயாரிடமும் கேட்டேன். “ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லையா” என்றாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இங்கே கடை நடக்கிறது. இப்போதெல்லாம் பூட்டு கெட்டால் புதிது வாங்கிவிடுகிறார்கள். சாவி தொலைத்தவர்கள் மட்டும் வருகிறார்கள். மனிதர்கள் சாவியைத் தொலைப்பதை நிறுத்தாதவரை நமக்குக் கவலை இல்லை.

குழாயை முழுவதும் திறக்காதே. அதிர்ந்து சுவரில் மோதும், கீழ் அறைக்காரன் மேலே ஏறி வந்து சண்டை போடுவான். பாதி திறந்தால் போதும். அரம் நின்றது பற்றி எழுதியிருந்தாய். அரத்துக்கு அவ்வப்போது தூசி தட்ட வேண்டும். அதற்காக நிறுத்தியிருப்பேன்.

எஞ்சின் அறையில் சூடு அதிகம் என்கிறார்கள். பருத்தி பனியனாக எடுத்துக்கொள்.

அப்பா


மார்ச் 12

அப்பாவுக்கு,

குழாய் அதிரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதலையே.

படிச்சதும் சிரிப்புதான் வந்தது. எல்லாக் குழாயும்தான் அதிரும், குத்துமதிப்பா சொல்லியிருப்பாருன்னு விட்டுட்டேன். அப்புறம் கட்டில்ல படுத்துக்கிட்டுக் கதவையே பார்த்தேன். இருபது நாளா பார்க்கற கதவு. தாழ்ப்பாள் மட்டும் கதவைவிடப் புதுசு. அதுல நாலு ஸ்க்ரூ. நாலு தலையிலயும் கோடு நட்டுக்குத்தா, மேல பார்த்து நிக்குது. ஒண்ணுகூடச் சாயலை.

எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தேன்பா.

எனக்குத் தெரிஞ்சு உலகத்துல ஒரே ஒரு ஆளுதான் அப்படி முடுக்குவாரு. சின்ன வயசுல நான் கோணலா முடுக்கினதுக்கு மண்டையில குட்டு வாங்கியிருக்கேன். “ஒண்ணு திரும்பினாலும் பார்த்ததும் தெரியணும்டா, எது லூசாகுதுன்னு”.

நேரா கீழே போனேன். மேனேஜர் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. “பதினொண்ணுல தாழ்ப்பாள் யாரு போட்டது?”ன்னு கேட்டேன். அவரு பேப்பரை இறக்காமலே, “ஏன், உடைச்சிட்டியா?”ன்னாரு. “உடைக்கலை, சொல்லுங்க”ன்னேன். “ஒரு பூட்டுக்காரரு. தங்க வந்தவரு. தாழ்ப்பாள் ஆடுது, எனக்குத் தூக்கம் வராதுன்னு அவரே கழட்டி வேற வாங்கி மாட்டிட்டாரு. காசும் வாங்கலை, பேச்சும் இல்லை. ஊமைன்னு நினைச்சேன், அப்புறம் டீ கேட்டாரு”.

பழைய ரெஜிஸ்டர் காட்டச் சொன்னேன். போலீஸா நீன்னாரு. பக்கத்து டீக்கடையில ரெண்டு டீ சொன்னதும் எடுத்துக் குடுத்தாரு. நான் காலேஜ்ல சேர்ந்த ரெண்டாவது வருஷம். நாலு தடவை. உங்க கையெழுத்து. அறை எண் 11. வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல நாலு தடவையும் “மகனைப் பார்க்க”.

நீங்க என்னைப் பார்க்க வரலையேப்பா. ஒரு தடவைகூட வரலையே. எங்க போனீங்க?

பதினொண்ணு


மார்ச் 17

மகனுக்கு,

உன் தாயாரிடம் அட்ரஸ் சொன்னது நான்தான். மகன் ஏதோ ஓர் ஓட்டைத் தாழ்ப்பாள் உள்ள அறையில் தங்குவதைவிட நான் மாட்டிய தாழ்ப்பாள் உள்ள அறையில் தங்கட்டும் என்று நினைத்தேன். அதைப் பார்த்துக் கண்டுபிடிப்பாய் என்று நினைக்கவில்லை. நீ எதையும் உற்றுப் பார்க்கிறவன் இல்லை என்பது என் கணக்கு.

கேட்டதால் சொல்கிறேன்.

முதல் தடவை உன் கல்லூரிக்கு வந்தேன். வாட்ச்மேன் உள்ளே போய் விசாரித்துவிட்டு, “அந்தப் பையன் வந்தே அஞ்சு மாசமாச்சே பெரியவரே” என்றான். எனக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. அவன் பெரியவரே என்றதுதான் முதலில் சுட்டது. மற்றது மெதுவாகத்தான் உறைத்தது.

உன்கூடப் படித்த ஒரு பையன் வழி சொன்னான். பாலத்துக்குக் கீழே டூவீலர் சர்வீஸ் கடை. நீ ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தாய். பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. இடது கட்டைவிரல் நகம் பிளந்திருக்கும் அல்லவா, சின்ன வயதில் என் கடைச் சுத்தியலைப் போட்டுக்கொண்டாயே, அதை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்றேன். பெயர் வாய்வரை வந்துவிட்டது. கூப்பிட்டால் நீ எழுந்து ஏதாவது ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கேட்க எனக்கு மனமில்லை. அறைக்குத் திரும்பிவிட்டேன். சும்மா இருக்க முடியாமல்தான் தாழ்ப்பாளைக் கழற்றினேன்.

மற்ற மூன்று தடவையும் அதே பஸ் நிறுத்தம். ஒருநாள் நீ யாரிடமோ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாய். நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நான்காவது தடவை போய் வந்த மூன்றாம் நாள் நீ விடுமுறைக்கு வந்தாய். உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே “எண்பத்திரண்டு பர்சென்ட்” என்றாய். அம்மா தெருவெல்லாம் சொன்னாள். கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபிறகுதான் உன் வாயிலிருந்து உண்மை வந்தது.

படிப்பை விட்டதற்காக நான் பேச்சை நிறுத்தவில்லை. இதை எழுத இரண்டு வருடம் ஆகிவிட்டது.

அப்பா


மார்ச் 22

அப்பாவுக்கு,

கூப்பிட்டிருக்கலாம்.

எத்தனை தடவை படிச்சேன்னு தெரியலை. நீங்க கூப்பிட்டிருந்தா நான் பொய்தான் சொல்லியிருப்பேன், அது நிஜம். பிராக்டிகல் கிளாஸ்னு சொல்லியிருப்பேன். கையில கிரீஸ் வேற இருந்திருக்கும், நம்பற மாதிரியே இருந்திருக்கும். இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம். நான் அந்தக் கடையில மத்தியானம் சாப்பிடும்போதெல்லாம் எதிர்ல பஸ் ஸ்டாப்பைப் பார்த்துதான் உக்காருவேன். நம்ம ஊர் பஸ் அதுவழியாத்தான் போகும்.

எண்பத்திரண்டு எங்கிருந்து வந்ததுன்னு எனக்கே தெரியாது. தொண்ணூறுன்னு சொல்லலாம்னு இருந்தேன், உங்க மூஞ்சியைப் பார்த்ததும் குறைச்சிட்டேன்.

கம்பெனியிலேருந்து தேதி வந்திடுச்சு. ஏப்ரல் ஒண்ணாம் தேதி காலையில துறைமுகத்துல நிக்கணும். இனி எழுதி, பதில் வந்து, அதுக்கெல்லாம் நாள் இல்லை.

இத்தனைக்கும் ஸாரின்னு ஒரு வார்த்தை எழுதலை பாருங்க. அதை எழுத்துல குடுக்கறதா இல்லை.

பதினொண்ணு


மார்ச் 27, அறை எண் 11

மகனுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. மேனேஜரிடம் கொடுத்து வைப்பேன்.

சாயங்காலம் வந்து சேர்ந்தேன். படியேறும்போதே மேனேஜர் எழுந்து நின்றார். “உங்க பையன் காலையில முதல் பஸ்ல ஊருக்குப் போயிட்டானே, உங்களைப் பார்க்க” என்றார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நான் வருவதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று உன் தாயாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். தெரிந்தால் நழுவிவிடுவாய் என்று பயம்.

நானும் முதல் பஸ்தான். சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடத்தில் எதிர்த்திசைப் பஸ் ஒன்று எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஜன்னலோரம் ஒருவன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தூங்கட்டும் என்று நினைத்தேன். யாரோ பெற்ற பிள்ளை என்றும் நினைத்தேன்.

ரெஜிஸ்டரில் வந்த காரணத்தைக் கேட்காமலே மேனேஜர் எழுதிக்கொண்டார். உன் சாமான் அறையிலேயே இருப்பதால் அதே சாவியைக் கொடுத்தார். இப்போது பதினொண்ணு நான்தான். பத்தாம் நம்பர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கதான் அந்தத் தாழ்ப்பாளா?” என்றார்.

கட்டில் காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறாய். நல்ல வேலை. நான் இங்கே தங்கிய நாட்களில் அது ஆடியது, எனக்குத் தோன்றவில்லை. குழாயைப் பாதிதான் திறந்திருக்கிறாய் போலிருக்கிறது. சுவரில் புதுக் காயம் இல்லை. தலையணையில் உன் தலை எண்ணெய் வாசனை இருக்கிறது. உறையை மாற்றட்டுமா என்று மேனேஜர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அப்பா


மார்ச் 28, நம்ம கடை

அப்பாவுக்கு,

நேத்து சாயங்காலம் வீட்டு வாசல்ல போய் நிக்கறேன், அம்மா என் பின்னாடி உங்களைத் தேடறாங்க. “அப்பா எங்கடா?”ங்கறாங்க. நான் அதையே அவங்களைக் கேக்கறேன். விஷயம் புரிஞ்சதும் அம்மா தலையில கை வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, அப்புறம் அப்படியே அழுதாங்க. நான் வர்றதையும் அவங்ககிட்ட சொல்லலை. சொன்னா கடையைப் பூட்டிட்டு எங்கயாவது போயிடுவீங்கன்னு பயந்தேன். சொல்லாமலே போயிட்டீங்க.

லாட்ஜுக்குப் போன் போட்டோம். மேனேஜர்தான் எடுத்தாரு. கூப்பிடட்டுமான்னாரு, பேசமாட்டாருன்னேன். “அங்கேயே இருக்கச் சொல்லுங்க, நான் வர்றேன்”னு சொல்லச் சொன்னேன். அவரு மாடிக்குப் போயிட்டு மூச்சு வாங்க வந்து, “அவரு உன்னை அங்கேயே இருக்கச் சொல்றாரு, அவரு வர்றாராம். யாராவது ஒருத்தர் உக்காருங்கப்பா, எனக்கு முட்டி வலிக்குது”ன்னாரு. கடைசியில நீங்க இருக்கறதுன்னு முடிவாச்சு. இன்னிக்கு ஒரு நாள் இருடான்னு அம்மா விடலை, நாளைக்கு முதல் பஸ்ல வர்றேன். இதைக் கையிலயே கொண்டு வர்றேன். நேர்ல நீங்க ஒண்ணும் பேசலைன்னா இதைக் குடுத்துட்டு நிப்பேன், அதுக்குத்தான்.

துண்டு போட்டுத் தூங்கினது நான்தான். நீங்க பக்கத்து பஸ்ல ஒருத்தனைப் பார்த்ததா மேனேஜர் சொன்னாரு. எழுப்பியிருக்கலாம்ல. எப்பவும் இதே வேலைதான் உங்களுக்கு.

காலையில சும்மா இருக்க முடியாம கடையைத் திறந்தேன். உங்க ஸ்டூல் எனக்கு உயரம் பத்தலை. ஒரு டீச்சரம்மா பெட்டியோட வந்தாங்க, பூட்டு மாட்டிக்கிச்சுன்னு. பூட்டுக்காரர் இல்லையான்னாங்க. நான் அவர் பையன்னேன். அதைச் சொல்லி எவ்வளவு நாளாச்சு தெரியுமா. அரை மணி நேரம் ஆச்சு, திறந்திடுச்சு. தகட்டைத் திரும்ப மாட்டி மூணு ஸ்க்ரூவையும் நேரா நிறுத்தினேன். மூணாவது கொஞ்சம் சாயுது. வந்து பார்த்துட்டுக் குட்டுங்க.

அரம் உங்க பலகை மேலயே இருக்கு. தூசி எதுவும் இல்லை அதுல. சுத்தமா இருக்கு. ரெண்டு வருஷமா

அம்மா வீட்டுலேருந்து போனை எடுத்துக்கிட்டு ஓடி வர்றாங்க. லாட்ஜ் நம்பராம். மேனேஜரான்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டறாங்க. வேற யாருன்னு கேட்டா வாயே திறக்கலை, போனை என் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கறாங்க.

போகணும்.