திட்டு வாங்காத பிள்ளை

புரட்டாசி 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். இந்த வருஷத்தில் இரண்டாவது.

ஆபீஸுக்குள் நுழைந்ததுமே நிவேதா பிடித்துக்கொண்டாள். ரிப்போர்ட் டைப் அடிக்கிற பெண், சமூகப் பணி படித்தவள். "அஞ்சலையக்கா, தே. போன்ல அழுவுறா. இல்லத்துக்கே வந்துடுறேங்கிறா. அடுத்த செவ்வா குழந்தை நலக் கமிட்டி இருக்கு. நேர்ல பாத்துட்டு வந்து சொல்லுங்க."

தே. என்றால் அந்தப் பிள்ளை. முழுப்பெயர் எழுதக்கூடாது என்று விதி. சொந்த நோட்டிலும் அப்படியே வருகிறது. வயது எட்டு. அம்மா இல்லை, அப்பன் எங்கே என்று தெரியாது. மூன்று வருஷம் எங்கள் இல்லத்தில். ஆடியில்தான் வளர்ப்புக்குக் கொடுத்தோம். வளர்மதி, கலியபெருமாள் வீடு. குத்தகை நிலம் இரண்டு ஏக்கர். சொந்தப் பிள்ளை ஒன்று, அபிநயா, பத்து வயது. நல்ல வீடு என்று சொல்லிக் கொடுக்க வைத்ததே நான்தான்.

திரும்பி வந்தால் ஃபைலில் ஏறிவிடும். பிள்ளை கேட்டு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். ஒரு வீட்டில் தங்காத பிள்ளையை இன்னொரு வீட்டில் எடுக்கமாட்டார்கள். பதினெட்டு வரைக்கும் பெரிய ஹால், இரும்புக் கட்டில், மணி அடித்தால் சோறு. அந்தக் கட்டில்களுக்குப் பதினான்கு வருஷம் விரிப்பு மாற்றியவள் நான். எட்டாவது படித்தவளுக்கு மேற்பார்வை உத்தியோகமா என்று ஒரு பேச்சு உண்டு. வீடு வீடாக நடக்க ஒரு ஆள் தேவைப்பட்டது, போட்டார்கள்.

வாங்க: துவரம்பருப்பு கால் கிலோ. தைலம். குடை.

இரவுக்குத் தம்பி பெண்டாட்டி கேரியரில் இட்லி கொடுத்துவிட்டாள். அவர் போனதிலிருந்து, நான்கு மாதமாக இப்படித்தான்.

புரட்டாசி 8, புதன்

வெயில். ஊருக்குள் பஸ் போகவில்லை, பாலத்தடியில் இறக்கிவிட்டான். வாய்க்காலில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. மதகு திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் வாய்க்கால் லஸ்கராக இருந்தபோது மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர் கை. கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் பாதிச் சோற்றில் எழுந்து போவார். புது ஆள் எப்படியோ. நமக்கென்ன.

காலாண்டுப் பரீட்சை, அதனால் மதியத்தோடு பள்ளிக்கூடம் விட்டாகிவிட்டது. தே. வீட்டில்தான். புதுக் கவுன், எண்ணெய் வைத்த தலை, ரிப்பன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வீட்டில் காத்திருப்பவர்களைப் போல.

வளர்மதி எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். புறப்படும்போது குங்குமச் சிமிழை எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். அவள் பேரில் தப்பில்லை.

நான் போனது சாப்பாட்டு நேரம். வளர்மதி, அபிநயா, கலியபெருமாள் மூவரும் அடுப்படியில் தரையில். மோர்க்குழம்பு, புடலங்காய்ப் பொரியல். தே.க்கு மட்டும் கொல்லையில் ஸ்டூல் போட்டுத் தனித் தட்டு. தட்டில் முட்டை.

"ஏன் வெளியில?" என்றேன்.

"புரட்டாசிக்கா. பெருமாளுக்கு விரதம், வீட்டுக்குள்ள முட்டை ஆகாது. பாப்பாவுக்கு வாரம் மூணு முட்டைன்னு நீங்க சொன்னீங்கல்ல. அதான் கொல்லையில தனி அடுப்பு, தனிப் பாத்திரம்." பிள்ளை பக்கம் திரும்பி, "சாப்பிடுங்க பாப்பா. போதுமாங்க?" என்றாள். அதே மூச்சில் உள்ளே பார்த்து, "அடியே அபி, தட்டுல கைய கழுவாதன்னு எத்தன தடவ சொல்றது, கழுத."

தே.யைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். படிவத்தில் உள்ள கேள்விகள்தான்.

எங்கே படுக்கிறாய்? "கட்டில்ல."

அவர்கள்? "கீழ. பாயில. மூணு பேரும் ஒண்ணா."

அடிக்கிறார்களா? "இல்ல."

வேலை வாங்குகிறார்களா? "இல்ல. தண்ணிச் சொம்பக்கூட தூக்க விட மாட்டாங்க."

திட்டுகிறார்களா? "அபியத் திட்டுவாங்க. என்னைய திட்ட மாட்டாங்க." பிறகு, "நான் உங்ககூடவே வந்துடுறேம்மா."

படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'திருப்தி' என்றுதான் எழுத முடியும். எழுதினேன்.

புரட்டாசி 9, வியாழன்

ஆபீஸ். போன மாதத்து ரிஜிஸ்டர் இன்னும் முடிக்கவில்லை. சார் கூப்பிட்டார். கத்துவார் என்று கைகட்டி நின்றேன். "பரவால்லம்மா, மெதுவா செய்ங்க" என்றார். முன்னெல்லாம் ஒரு நாள் தாமதம் ஆனாலே ஆபீஸ் கேட் வரைக்கும் கேட்கும் அவர் குரல். வெளியே வந்து குழாயில் முகம் கழுவினேன். எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை.

மகன் சிங்கப்பூரிலிருந்து போன். சாப்டியாம்மா. சாப்டேன். தூங்குனியாம்மா. தூங்கினேன்.

நிவேதாவிடம் நடந்ததைச் சொன்னேன். "பிள்ளையோட விருப்பம்தான் முக்கியம்க்கா. வர்றேன்னா கூட்டிட்டு வந்துடலாம். அவங்க மேலயும் குத்தம் இல்ல, நம்ம மேலயும் குத்தம் இல்ல" என்றாள்.

அதுதான் உறுத்தல். யார் மேலும் குற்றமில்லாமல் ஒரு பிள்ளை திரும்பி வருகிறது.

இரவு சமைத்தேன். குழம்பில் உப்பு போட மறந்திருக்கிறேன். கை கழுவும்போதுதான் தெரிந்தது. அவர் இருந்திருந்தால் முதல் வாயிலேயே தட்டைத் தள்ளியிருப்பார், இதுக்குப் பேர் கொழம்பா என்று. இருபத்தேழு வருஷம் அந்த வாயை நான் சபித்திருக்கிறேன்.

புரட்டாசி 11, சனி

மேகமூட்டம், மழை இல்லை. லீவு நாள் எனக்கு. ஆனாலும் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வயலில் நடவு, போர்த் தண்ணீரில். பள்ளிக்கூடம் லீவு விட்டதால் அபிநயாவும் சேற்றில். தே. வரப்பில் பூவரச மரத்தடியில் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிஸ்கட் பாக்கெட், பிரிக்கவில்லை.

வளர்மதியைக் கரைக்குக் கூப்பிட்டேன். சனிக்கிழமை விரதம், பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் நடவு நடுகிறாள். "ஏன் வளரு, அந்தப் பிள்ளைய ஏன் ஒதுக்கி வச்சிருக்க?" என்றேன். கேட்ட விதம் தப்பு. அவள் முகம் செத்துவிட்டது.

"ஒதுக்கி வச்சிருக்கனா? நானா?" இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆடியில் நான் கொடுத்த விதித்தாள், நான்காக மடித்து. "நீங்கதானக்கா படிச்சுக் காட்டுனீங்க. தனிப் படுக்கை. தனித் தட்டு, டம்ளரு. வேலை வாங்கக் கூடாது. கடுஞ்சொல் கூடாது. முட்டை. படிச்சுட்டு கையெழுத்து வாங்குனீங்க. நான் ஒண்ணாவது மீறியிருக்கனா?" ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் பென்சிலில் டிக். அபிநயா போட்டதாம், வாரா வாரம்.

கலியபெருமாள் நாற்றுக்கட்டை இறக்கிவிட்டுச் சொன்னார், "கவர்மெண்டு பஸ்லகூட கீறல் இருக்குக்கா. நாங்க இந்தப் புள்ள மேல ஒரு கீறல் விழாம வச்சிருக்கோம்."

சிரிப்பு வரவில்லை யாருக்கும்.

படித்துக் காட்டியது நான்தான். எட்டாவது படித்தவள் எழுத்து விடாமல் படிக்கிறாள் என்று காட்டிக்கொள்ள ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படித்தேன். கடைசியில் 'மீறினால் குழந்தை திரும்பப் பெறப்படும்' என்ற வரியை இரண்டு தடவை.

சொன்னேன், "ஒரு வேலை சொல்லு அவகிட்ட. உம்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. திட்டவும் செய்."

"அப்ப எழுதிக் குடுங்க."

"என்னது?"

"திட்டலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கக்கா. நாளைக்கு வேற யாராச்சும் வந்து கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி நிமிர்ந்தாள். "எனக்கும் ஒண்ணு எழுதி வாங்கிக் குடுடி வளரு. எம்மருமவளத் திட்ட." வயல் முழுக்கச் சிரிப்பு.

எழுதிக் கொடுக்கவில்லை. என் பேனாவுக்கு அந்த அதிகாரம் இல்லை. நேராகத் தே.யிடம் போனேன். செருப்பைக் கழற்று என்றேன். கட்டி வைத்திருந்த நாற்றில் ஒரு முடி எடுத்துக் கையில் கொடுத்து, அங்கே கொண்டுபோய்ப் போடு என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள், எறும்பு மாதிரி. நட்ட பக்கம் எது நடாத பக்கம் எது என்று தெரியவில்லை, நடுவில் இறங்கி விழுந்துவிட்டாள்.

"அடியே, கண்ண எங்க வச்சிருக்க, நட்டத மிதிச்சுட்டியேடி" என்று கத்திவிட்டாள் வளர்மதி. உடனே சேற்றுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் வேறு பக்கம் பார்த்தேன்.

தே. எழுந்தாள். கவுன் முழுக்கச் சேறு. வளர்மதியைப் பார்த்தபடியே நின்றாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். "எந்தப் பக்கமா வரணும்?" என்றாள்.

"வரப்போட வாடி."

அப்புறம் எத்தனை நடை என்று எண்ணவில்லை. மூன்றரை பஸ் போய்விட்டது. ஐந்தரைக்குத்தான் வந்தேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

மழை. முழங்கால் வலி. துணி எதுவும் காயவில்லை.

கேரியரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் நானே வைத்துக்கொள்கிறேன் என்றேன். தம்பி பெண்டாட்டிக்குக் கோபம். "நான் வைக்கிற சோறு புடிக்கல, அவ்வளவுதான, முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன." அவள் இப்படிப் பேசி எத்தனை நாளாயிற்று. பதிலுக்குப் பேசினேன். பிறகு கொஞ்சம் தூங்கினேன், பகலில்.

அவர் செருப்பு வாசலில் நனைந்து கிடந்தது. எடுத்து உள்ளே வைத்தேன்.

புரட்டாசி 13, திங்கள்

மழை விட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

நிவேதா, "நாளைக்கு என்னக்கா சொல்லப் போறீங்க?" என்றாள். பிள்ளையே சொல்லட்டும் என்றேன். சனிக்கிழமை போனதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

புரட்டாசி 14, செவ்வாய்

வெயில். கமிட்டி பதினொன்றுக்கு. வளர்மதி கல்யாணப் புடவையில் வந்திருந்தாள். கலியபெருமாளுக்கு நடவு, வரவில்லை.

தலைவி அம்மா நல்ல மாதிரி. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, சாக்லேட் கொடுத்துக் கேட்டார், "இல்லத்துக்கு வர்றியாமே, இன்னைக்கே போலாமா?"

தே. வளர்மதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "இன்னைக்கு முடியாது. இன்னும் ரெண்டு நாள் நடவு இருக்கு. நாத்துக்கட்ட யாரு தூக்கிப் போடுறது" என்றாள்.

வளர்மதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேலை வாங்குறாங்களா?" என்றார் தலைவி அம்மா, குரல் மாறி.

"ஆமா," என்றாள் பிள்ளை. "திட்டுனாங்க. நட்டதை மிதிச்சுட்டேன்ல. இப்ப மிதிக்கிறதில்ல." பிறகு, யாரும் கேட்காமலே, "ரெண்டு நாளா பாயிலதான் படுக்குறேன். அபி காலத் தூக்கிப் போடுவா."

நான் எழுந்து நின்றேன். நான்தான் சொன்னேன் அம்மா, சனிக்கிழமை போனேன், அந்த அம்மா மாட்டேன் என்றது, நான்தான் நாற்றைக் கையில் கொடுத்தேன் என்றேன். நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம். வளர்மதி என்னை விட்டுத் தள்ளி அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தாள். தே. கழிவறைக்குப் போகணும் என்றபோது, "சொல்லித் தொலைய வேண்டியதுதான முன்னாடியே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

உத்தரவு: மூன்று மாதம் அங்கேயே தொடரலாம். மாதம் இரண்டு தடவை வேறு ஆள் போய்ப் பார்ப்பார். நான் போகக்கூடாது. விதி மீறியதற்கு நான் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், வெள்ளிக்குள்.

மதியம் உட்கார்ந்து எழுதினேன். நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவதில், 'அம்மா அவர்களுக்கு. அந்த வீட்டில் எல்லோருக்கும் வேலை இருந்தது. இந்தப் பிள்ளைக்கு மட்டும் இல்லை. அதனால் ஒரு முடி நாற்றுக் கொடுத்தேன்.' அதற்கு மேல் வரவில்லை.

நிவேதா வாங்கிப் படித்தாள். "இது பத்தாதுக்கா. ஒரு முடின்னா எவ்ளோ வெயிட்டுன்னு கேப்பாங்க."

எட்டு வயதுப் பிள்ளை தூக்குகிற கனம் என்று போடச் சொன்னேன்.