ஆர்மோனியம் இல்லாத வெள்ளிக்கிழமை

கம்போங் ராஜா,
கேமரன் மலை.
18.3.1979

அன்பு மகள் நீலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும், என்னை விட்டுப் போக மனமில்லாத இருமலும் சுகம். நீ அங்கே சுகமாக இருப்பதாகக் கேட்டால்தான் எங்கள் சுகம் முழுசாகும்.

நீ அனுப்பிய கேசட் வந்தது. நீயும் உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தாதிகளும் சேர்ந்து மாதாகோயிலில் பாடிய பழங்காலத்துச் சாமி பாட்டு என்று எழுதியிருந்தாய். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி லெட்சுமணன் வீட்டுக் கேசட் ரேடியோவில் போட்டுக் கேட்டோம். குரல் மட்டும் வருகிறது, மேளதாளம் ஒன்றும் காணோம், ஏதோ கோளாறு என்று நான் ரேடியோவை இரண்டு தட்டுத் தட்டினேன். கிராணி பதறிப்போய், "அடிக்காதீங்க மாடசாமிண்ணே, பாட்டே அப்படித்தான்லா" என்றார். ஆறாம் வகுப்போடு நின்றவனுக்குச் சங்கீத ஞானம் அவ்வளவுதான். ஆனால் அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "சாமி பாட்டு சரிங்க, இவ எந்தச் சாமிய நெனச்சிப் பாடுறா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் இடத்தில்கூட அவளிடம் பேச்சில்லை. நான் தைரியசாலி போல நடித்துக்கொண்டு, தொழிற்சாலையில் உன் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், ஏதாவது ஒரு வரியில் பதில் ஒளிந்திருக்குமோ என்று.

போன வெள்ளிக்கிழமை பார்த்து மாரியம்மன் கோயில் ஆர்மோனியத்தை எலி கடித்து வைத்திருந்தது. பதிகம் வேண்டாம், தீபம் மட்டும் காட்டலாம் என்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா, என் மகள் லண்டனில் ஒன்றும் இல்லாமலே பாடுகிறாள் என்று பீற்றிக்கொண்டு முன்னால் போய் நின்று எடுத்தேன். எடுத்த சுருதி மலை உச்சி. இரண்டாம் வரியில் என் குரல் வெறும் காற்றாகிவிட்டது, கொழுந்துக்காரி இராசம்மா ஒரு பக்கம் இழுக்க, லோரிக்கார இருளப்பன் ஒரு பக்கம் இழுக்க, பூசாரி பயந்துபோய் தீபத்தைக் கையில் எடுத்துவிட்டார். அப்போதுதான், கோயிலில் வாயே திறக்காத உன் அம்மா தாழ்வாக மெல்ல எடுத்துக் கொடுத்தாள். இராசம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள், இராசம்மாவை மற்றவர்கள், கடைசியாக வெட்கத்தோடு நான். ஒரு வழியாக முடித்தோம்.

வரும்போது அம்மா, "அவளும் பக்கத்துல நிக்கிறவ கொரலப் புடிச்சிக்கிட்டுத்தான் பாடுவா போல. தனியா இல்ல, அது போதும்" என்றாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள். எனக்குத்தான் போதவில்லை நீலா. அம்மா கேட்கச் சொன்னாள் என்று அவள் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் நானே கேட்கிறேன், நீ மதம் மாறிவிட்டாயா? ஆமாம் என்றாலும் எழுது, இல்லை என்றாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. இன்னொன்று, கேசட்டை மூன்று தரம் கேட்டும் அத்தனை குரலில் உன் குரல் எது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அதையும் எழுது, உன் குரல் வரும் இடத்தில் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறோம்.

மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே. இந்தக் கடிதத்துக்குள் கோயில் விபூதி மடித்து வைத்திருக்கிறேன், பூசுவது உன் இஷ்டம், தொலைத்துவிடாதே.

உன் அப்பா,
மாடசாமி